நெருக்கடி நேரத்தில் அமைப்புகள் மக்களிடம் பேசும் முறையைச் சமூக ஊடகம் எப்படி மாற்றியிருக்கிறது?

பேச்சை எப்போது தொடங்குவது என்று முடிவு செய்வது இப்போது அமைப்பின் கையில் இல்லை. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய மாற்றம். முன்பெல்லாம் நிர்வாகம் கூடிப் பேசி, அறிக்கை எழுதி, மறுநாள் பத்திரிகைக்குக் கொடுக்கலாம். இன்று அதற்குள் ஊரே வேறொரு கதையை நம்பிவிடும்.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டப்புறச் சிறுநகரம். சில வருடங்களுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் செயலாளராக இருந்தேன். ஒரு மதியம், பிள்ளைகளை ஏற்றிப்போன வேன் செம்பனைக் காட்டுக்குள் மண் சாலையில் பழுதாகி நின்றுவிட்டது. அங்கே போன் லைன் கிடையாது. அரை மணி நேரம் கழித்துப் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் "வேன் எங்கே?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் கவிழ்ந்து கிடக்கும் வேன் படம் ஒன்று வந்து விழுந்தது. எப்போதோ எங்கோ நடந்த விபத்து அது. வேலைக்காட்டில் இருந்த அம்மாக்கள் மருந்துப் பம்பை இறக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒருவர் பள்ளி வாசலிலேயே மயங்கி விழுந்தார். பள்ளி வாய் திறக்கவில்லை. உறுதியாகத் தெரியாமல் எதைச் சொல்வது, மேலிடத்தைக் கேட்க வேண்டாமா என்று தயங்கினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து காத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. பிள்ளைகள் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

அன்று மூன்று வரி போதுமாயிருந்தது. "வேன் இன்னும் வரவில்லை, எங்களுக்கும் தெரியும். இரண்டு பேர் மோட்டாரில் தேடிப் போயிருக்கிறார்கள். இரண்டரை மணிக்கு மறுபடியும் சொல்கிறோம்." இதில் ஊகம் எதுவும் இல்லை. அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தால், பதறுகிறவர்கூட அதுவரை பொறுத்திருப்பார்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே சோதனைதான். 2014 டிசம்பர் 28 அன்று சுராபாயாவிலிருந்து சிங்கப்பூர் கிளம்பிய ஏர்ஏசியா விமானம் 162 பேரோடு காணாமல் போனது. நிறுவனம் தன் சமூக ஊடகப் பக்கங்களில் சிவப்புச் சின்னத்தைச் சாம்பல் நிறமாக்கியது. தலைவர் டோனி பெர்னாண்டஸ் தன் பெயரிலேயே டுவிட்டரில் எழுதிக்கொண்டிருந்தார், சுராபாயாவுக்கும் நேரில் போனார். துயரத்தில் இருப்பவருக்கு, தன்னிடம் ஒரு மனிதர் பேசுகிறார் என்று தெரிவது பெரிய விஷயம்.

அதே ஆண்டு மார்ச்சில் மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்370 விமானம் காணாமல் போனபோது, யாரும் உயிரோடு இல்லை என்ற செய்தி குடும்பங்கள் பலவற்றுக்குக் குறுஞ்செய்தியாக, அதுவும் ஆங்கிலத்தில் போனது. பயணிகளில் பெரும்பாலோர் சீன நாட்டவர். நேரில் சொல்வதற்கு முயன்றதாகவும், குறுஞ்செய்தி கூடுதல் வழி மட்டுமே என்றும் நிறுவனம் விளக்கியது. ஆனாலும் அந்தக் காயம் ஆறவில்லை.

மொழி விஷயம் எங்கள் ஊரிலும் அப்படித்தான். பள்ளி அறிவிப்பு மலாயில் வரும். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி, அவருக்கு அது எட்டாது. அதனால் அப்புறம் அவசரத் தகவல் எதுவானாலும் தமிழில் குரல் பதிவாக அனுப்ப ஆரம்பித்தோம். யார் பேசுகிறார் என்று குரலை வைத்தே தெரிந்துவிடும், நம்புவார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் சிக்கியவர்கள் சமூக ஊடகத்தில் உதவி கேட்டார்கள். அதைப் படித்துத் தன்னார்வலர்கள் படகோடு போனார்கள். அதனால் சொல்வதற்கு ஒருவர் இருந்தால், வருவதைப் படிப்பதற்கும் ஒருவர் இருக்க வேண்டும். இதைப் பல அமைப்புகள் இன்னும் யோசிக்கவே இல்லை.

ஒரு சின்ன விஷயம், அனுபவத்தில் கற்றது: குரல் பதிவின் தொடக்கத்திலேயே தேதியும் நேரமும் சொல்லிவிடுங்கள். வெள்ளத்துக்காகப் பள்ளி மூடிய ஒரு நாளில் நாங்கள் அனுப்பிய பதிவு, அடுத்த வருடம் யாரோ பகிர்ந்து மறுபடியும் சுற்றி வந்தது. அன்று பாதி வகுப்பு வரவில்லை.