துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பட்டப்படிப்பு: கேள்வி பதில்

(ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத்தரும் சுங்கத் தீர்வு முகவர் அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வருபவரும், கல்லூரி ஒன்றின் பாடத்திட்டக் குழுவில் இருப்பவருமான ஒருவர், வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.)

கேள்வி (மாணவி, தண்டையார்பேட்டை): ஐயா, பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மதிப்பெண் நன்றாக இருந்தும், நேர்முகத் தேர்வில் ஏற்றுமதி ஆவணங்களைப் பற்றிக் கேட்டபோது விழித்தேன். குறை என்னிடமா, பாடத்திட்டத்திலா?

பதில்: பெரும்பங்கு பாடத்திட்டத்தில்தான், அம்மா. ஷிப்பிங் பில் (ஏற்றுமதிச் சரக்குக்காகச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் ஆவணம்) என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரிந்தவர்கள், ஓர் இன்வாய்ஸைக் கையில் கொடுத்து உறைய வைத்த இறாலுக்கு எட்டு இலக்கச் சரக்குக் குறியீட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னால் திகைத்துவிடுகிறார்கள். அது 0306 என்று தொடங்கும். முதல் ஆறு இலக்கங்கள் உலக நாடுகளுக்குப் பொதுவானவை, கடைசி இரண்டு நம் நாடு சேர்த்துக்கொண்டவை. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும். ஆனால், ஷிப்பிங் பில்லில் ‘இஎக்ஸ்பி/45’ என்றும் விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 என்ற ஜிஎஸ்டி படிவத்தில் வெறும் ‘45’ என்றும் இன்வாய்ஸ் எண் பதிவானால் ஏற்றுமதியாளருக்குத் திரும்ப வரவேண்டிய வரி நின்றுபோகும் என்பதை, அப்படி நின்றுபோன ஒரு கோப்பைப் புரட்டிப் பார்த்தவர்தான் மறக்கமாட்டார். அத்தகைய பழைய கோப்புகளைப் பெயர்களை மறைத்து வகுப்பறைக்குக் கொண்டுவருவதற்குப் பல்கலைக்கழகத்துக்குச் செலவே இல்லை.

கேள்வி (விரிவுரையாளர், வியாசர்பாடி): இறுதியாண்டில் நேர்முகத் தேர்வுப் பயிற்சி அளிக்கிறோம். அது போதாதா?

பதில்: போதாது, ஐயா. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தெரிவது வாசற்படி வரை கொண்டுவிடும், அவ்வளவுதான். மூன்றாம் பருவத்திலிருந்தே வாரத்தில் ஒரு நாள் மாணவர்கள் ஓர் அலுவலகத்திலோ பட்டறையிலோ இருக்க வேண்டும். அந்த நாளுக்கு மதிப்பெண்ணும் வேண்டும். மதிப்பெண் இல்லாத எதையும் மாணவர் படிப்பதில்லை (நானும் படித்ததில்லை). தொழிற்பயிற்சியைப் பட்டப்படிப்புக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2020ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. மாணவர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்கும் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டமும் 2022 மார்ச்சிலிருந்து நடப்பில் உள்ளது. இனி எஞ்சியிருப்பது துறைத் தலைவர்கள் கால அட்டவணையில் இடம் ஒதுக்குவதுதான்.

கேள்வி (படகுத் தொழிலாளி, காசிமேடு): மகன் இயந்திரவியல் பட்டம் முடித்துவிட்டான். அப்ரண்டிஸாகப் போகச் சொன்னால், சம்பளம் குறைவு என்று மறுக்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: போகச் சொல்லுங்கள், அண்ணே. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தில் 1973இல் செய்த திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் இடம்பெற்றார்கள். முப்பது பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனம் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. பட்டதாரிகளுக்கான தொழிற்பயிற்சி வாரிய அலுவலகம் தரமணியில் உள்ளது. மணலியிலோ எண்ணூரிலோ இடம் கிடைத்தால், எந்தப் பிரிவில் அமர்த்துவார்கள் என்பதைச் சேருமுன் உங்கள் மகன் கேட்டுக்கொள்ளட்டும். ஓராண்டு முழுவதும் கோப்பு அடுக்கிவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (மாணவர், திருவொற்றியூர்): ஆங்கிலம் சரளமாக வராததால்தான் வேலை கிடைப்பதில்லையா?

பதில்: சில வேலைகளுக்கு அப்படித்தான், தம்பி. எங்கள் தொழிலில், கன்டெய்னர் எண் தவறாகப் பதிவாகியுள்ளது, திருத்தி அனுப்புங்கள் என்று இரண்டு வரி மின்னஞ்சலைப் பிழையின்றி எழுதத் தெரிந்தால் முதல் ஆண்டுக்கு அது போதும்.