ஒரே பெயரில் நான்கு முன்னோர்: கதைகளைப் பிரிப்பது எப்படி?

வணக்கம். குடும்ப வரலாறு எழுதத் தொடங்கியதில் நான்கு இராமசாமிகளின் கதைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்றும், பத்திரங்களில் உள்ள தந்தை பெயரைக் கொண்டு பிரிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தந்தை பெயரை மட்டும் நம்ப வேண்டாம். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தில் முத்துசாமி மகன் இராமசாமி, அவர் மகன் முத்துசாமி, அவர் மகன் மீண்டும் இராமசாமி என்று வருவதால், தாத்தாவுக்கும் பேரனுக்கும் தலைப்பெழுத்துகூட ஒன்றாகவே அமைந்துவிடும். அண்ணன் தம்பி இருவரும் தத்தம் மூத்த மகனுக்கு அதே பெயரை வைத்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். சாதகங்களில் தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பிரபவ ஆண்டு 1927இலும் வந்தது, 1987இலும் வந்தது.

மனைவியின் பெயர், பத்திரம் பதிவான ஆண்டு, திதி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பெயர் ஒன்றானாலும் ஒருவருக்கு ஆவணி வளர்பிறைத் தசமியும் மற்றவருக்குத் தை அமாவாசையுமாகத் திதி பெரும்பாலும் வேறுபடும்; வீட்டுப் பெரியவர்கள் ஆண்டை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

எழுதும்போது முதலாம், இரண்டாம் என்று எண்ணிடுவதை நான் விரும்புவதில்லை. சங்ககாலப் பாண்டியரில் ஒருவரை ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்றும் மற்றவரைத் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்றும் அவரவர் செயலாலேயே பிரித்தார்கள். அதுபோலக் கிணறு வெட்டிய இராமசாமி, பினாங்கு சென்ற இராமசாமி என்று உங்கள் வீட்டுக் கதைகளிலிருந்தே அடைமொழி எடுத்துக்கொள்ளுங்கள். யாருடையது என்று உறுதியாகாத கதையைத் தனித்தாளில் வையுங்கள்.