நாலு பேரைக் கேட்டாலும் ஆய்வுதான், மகள்

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைப் பக்கத்துப் பிரதேச சபை ஒன்றின் பெண் உறுப்பினர்கள் நாலு பேரைச் சந்தித்து எழுதிய ஆய்வை அடுத்த மாதம் 15 நிமிடத்தில் முன்வைக்க வேண்டும். "நாலு பேரைக் கேட்டால் ஆய்வா?" என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். விலகிவிடலாமா?
- ஒரு வாசகி, வந்தாறுமூலை

பதில்: விலக வேண்டாம், மகள். நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு தரம் வாசித்தேன். "எனக்கெண்டு ஒரு வட்டாரம் இல்ல. ரோட்டு லைட் எரியல்லெண்டு ஆரு என்னத் தேடி வருவாங்க?" என்று ஓர் உறுப்பினர் சொன்னதைக் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்களே! பேச்சை அங்கிருந்தே தொடங்குங்கள்.

இலங்கையின் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கான 25 சதவீத ஒதுக்கீடு 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. வட்டார வேட்பாளர்களில் 10 சதவீதம், மேலதிகப் பட்டியலில், அதாவது வட்டாரத்தில் போட்டியிடாமல் கட்சியின் வாக்குக்கேற்ப இடம் பெறுவோரின் பட்டியலில், 50 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பல பெண்கள் பட்டியல் வழியாகவே சபைக்குள் வந்தார்கள். சனமோ வட்டாரத்தில் வென்றவரைத்தான் தேடிப் போகும். அந்த அக்கா சொன்னது இதைத்தான். சட்டப் புத்தகத்தை மட்டும் வாசித்தவருக்கு இது தெரியாது. அந்த அக்காவின் வீட்டுத் திண்ணையில் இருந்து கேட்ட உங்களுக்குத் தெரியும்.

ஆனால் நாலு பேரை வைத்துக் கிழக்கு மாகாணம் முழுவதற்கும் முடிவு சொல்லாதீர்கள். ஒரே சபை என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். கூடவே, சபைக் கூட்டங்களின் அறிக்கைகளை எடுத்து, ஒவ்வொரு பிரேரணையையும் யார் பிரேரித்தார், யார் ஆமோதித்தார் என்று எண்ணுங்கள். பெண்களின் பெயர் ஆமோதித்த இடத்தில் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். சபையில் கேட்டுக் கொடுக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாட்கள் உண்டு. ஆகவே இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. பெயரை மறைத்தாலும் கட்சியையும் ஊரையும் சொன்னால், அப்படிச் சொன்ன அக்கா நாலு பேரில் யாரென்று மண்டபத்தில் பாதிப்பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருக்கு அடுத்த தேர்தலில் இடம் கிடைக்காமலும் போகலாம். இரண்டையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஒருநாள் பின்னேரம் போய், நீங்கள் பேசப்போவதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லும் வரியை அங்கேயே வெட்டிவிடுங்கள், அது எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும்.