கேட்காமலே வந்து நிற்கும் டிஸ்க்குகள்: சான் ஸ்டோரேஜ் கேள்வி பதில்

சான் ஸ்டோரேஜோடு (பல சர்வர்களுக்கும் நெட்வொர்க் வழியாக டிஸ்க் கொடுக்கும் பொது ஸ்டோரேஜ்) இணைந்த லினக்ஸ் சர்வர்களில் எதிர்பாராமல் தலைகாட்டும் டிஸ்க்குகளைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: சார், 500 ஜிபியில் ஒரே ஒரு லன் (ஸ்டோரேஜ் ஒதுக்கிக் கொடுக்கும் டிஸ்க்) தான் கேட்டேன். ரீஸ்கேன் செய்ததும் எஸ்டிபி முதல் எஸ்டிஇ வரை என்ற பெயர்களில் நான்கு டிஸ்க் வந்திருக்கிறது. மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், நான்கும் ஒரே லன்தான். உங்கள் சர்வரில் இரண்டு எச்பிஏ (சானோடு இணைக்கும் கார்டு) போர்ட் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்விட்ச் வழியாக ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலருக்கும் போகும். ஆக நான்கு பாதை. கர்னல் ஒவ்வொரு பாதையையும் தனி டிஸ்க்காகவே பதிவு செய்யும். அவற்றை ஒன்று சேர்ப்பது மல்டிபாத்தின் வேலை.

அளவு ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், இரண்டு வேறு லன்களும் 500 ஜிபி இருக்கலாம். லன்னுக்கு லன் வேறுபடும் அடையாள எண்ணான டபிள்யூடபிள்யூஐடியைப் பாருங்கள். நான்கிலும் அது ஒன்றாக இருந்தால் சந்தேகமே இல்லை. அப்புறம் எஸ்டிபி பக்கம் போகாமல் /டெவ்/மேப்பரில் இருக்கும் பெயரையே பயன்படுத்துங்கள். நான்குக்குப் பதில் மூன்று மட்டும் தெரிந்தால் எங்கோ ஒரு பாதை விழுந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: அதே ஆள்தான் சார். ‘மல்டிபாத் -எல்எல்’ ஒன்றுமே காட்டவில்லையே?

பதில்: மல்டிபாத்டி, அதாவது மல்டிபாத்தின் பின்னணி சர்வீஸ், ஓடாமல் இருக்கலாம். ரெட்ஹேட் என்றால் ‘எம்பாத்கான்ஃப் --எனேபிள்’ கொடுத்துவிட்டு சர்வீஸைக் கிளப்புங்கள். அதற்குள் யாராவது எஸ்டிபியை நேரடியாக மவுண்ட் செய்திருந்தால் மல்டிபாத்தால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. முதலில் அன்மவுண்ட்.

கேள்வி: அண்ணா, பழைய ஐபிஎம் டிஎஸ்4000 ஸ்டோரேஜ். எல்லா சர்வரிலும் 20 எம்பியில் ஒரு டிஸ்க் தெரிகிறது, லன் எண் 31. நாங்கள் யாரும் உருவாக்கவில்லை. பூட் ஆகும்போது லாகில் அதன் பெயரில் ஐ/ஓ எரர் வேறு.

பதில்: ‘எல்எஸ்எஸ்சிஎஸ்ஐ’ ஓட்டிப் பாருங்கள், மாடல் இடத்தில் ‘யுனிவர்சல் எக்ஸ்போர்ட்’ என்று இருக்கும். நிர்வாக மென்பொருள் அதே ஃபைபர் வழியாகக் கன்ட்ரோலரோடு பேசுவதற்கு ஸ்டோரேஜே கொடுக்கும் லன் அது. டேட்டா வைக்க அல்ல. சர்வரிலிருந்து அந்த வழியாக நிர்வகிப்பதில்லை என்றால் ஸ்டோரேஜ் பக்கம் மேப்பிங்கை (இந்த லன் இந்த சர்வருக்கு என்ற இணைப்பை) எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் மல்டிபாத் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலான பிளாக்லிஸ்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இது போல வேறு பல ஸ்டோரேஜ்களிலும் ஒன்று உண்டு. இஎம்சி கிளாரியானில் ‘லன்இசட்’ என்று வரும். சர்வர் லாகின் ஆகிவிட்டது, ஆனால் லன் 0 இன்னும் கொடுக்கப்படவில்லை என்றால் அது தலைகாட்டும். சிமெட்ரிக்ஸில் சில எம்பி அளவில் கேட்கீப்பர்கள். ஹிட்டாச்சியில் மாடல் பெயர் ‘-சிஎம்’ என்று முடியும் கமாண்ட் டிவைஸ். சின்னதாக இருக்கிறதே என்று இவற்றில் பார்டிஷன் போடக் கிளம்பாதீர்கள்.

கேள்வி: சான் கேபிள் இரண்டையும் கழற்றிய பிறகும் எஸ்டிசி இருக்கிறது. அளவு 0.

பதில்: அது சானே இல்லை. சர்வரின் ரிமோட் மேனேஜ்மென்ட் கார்டு காட்டும் விர்ச்சுவல் மீடியாவாக இருக்கும். ‘எல்எஸ்எஸ்சிஎஸ்ஐ -டி’ யுஎஸ்பி என்று சொல்லும். வேண்டாமென்றால் அந்தக் கார்டின் அமைப்பில் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: சார், நேற்றிரவு ஷிப்டில் புது டேட்டாபேஸ் சர்வரை ரீபூட் செய்தோம். எங்கள் டிக்கெட்டில் இல்லாத 2 டிபி லன் ஒன்று வந்திருக்கிறது. உள்ளே ஒரு வால்யூம் குரூப் (லினக்ஸின் எல்விஎம் மென்பொருள் டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) இருக்கிறது. யாருடையது என்று பார்க்க ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்யலாமா?

பதில்: கூடாது. எல்லோரும் ஏமாறும் இடம் இது. ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டுமே ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தாலும் ஜர்னலில் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேட்டில்) பாக்கி இருந்தால் அதை டிஸ்க்கில் எழுதி முடிக்கும். அந்த லன் இன்னொரு சர்வரில் ஓடிக்கொண்டிருந்தால் அதன் ஃபைல்சிஸ்டத்தை நீங்களே கெடுத்ததாகிவிடும். அறிமுகமில்லாத டிஸ்க் என்றால் அதில் இன்னொருவர் டேட்டா உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வால்யூம் குரூப் தானாக ஆக்டிவேட் ஆகிவிட்டதா என்று ‘எல்விஎஸ்’ போட்டுப் பாருங்கள், பூட்டில் எல்விஎம் அதைச் செய்துவிடும். ஆகியிருந்தால் அந்த வால்யூம் குரூப்பின் பெயரைக் குறிப்பிட்டு ‘விஜிசேஞ்ச் -ஏஎன்’ கொடுத்து அதை அணைத்துவிடுங்கள். பிறகு டபிள்யூடபிள்யூஐடியையும் உங்கள் எச்பிஏக்களின் போர்ட் அடையாள எண்ணான டபிள்யூடபிள்யூபிஎன்னையும் ஸ்டோரேஜ் டீமுக்கு அனுப்பி, இந்த லன் எந்த ஹோஸ்ட் குரூப்பில் (எந்த சர்வருக்கு எந்த லன் என்ற தொகுப்பில்) இருக்கிறது என்று கேளுங்கள்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பழைய ஹோஸ்ட் குரூப்பை அப்படியே நகலெடுத்துப் புதியது உருவாக்கியிருப்பார்கள். அல்லது ஓய்வு பெற்ற சர்வரிலிருந்து எச்பிஏ கார்டைக் கழற்றி உங்கள் சர்வரில் போட்டிருப்பார்கள். லன் மாஸ்கிங், அதாவது எந்த சர்வருக்கு எந்த லன் தெரியலாம் என்ற கட்டுப்பாடு, டபிள்யூடபிள்யூபிஎன்னை வைத்துத்தான் நடக்கிறது. அந்த எண் கார்டோடு போகும், அதற்குரிய லன்களும் பின்னாலேயே வரும். புது சர்வர் என்கிறீர்கள், கார்டும் புதியதுதானா என்று விசாரியுங்கள்.

பக்கத்தில் விண்டோஸ் சர்வர்கள் இருந்தால் அங்கேயும் சொல்லிவையுங்கள். ‘இனிஷியலைஸ் டிஸ்க்’ என்று கேட்டால் ஓகே கொடுக்கவே கூடாது.

கேள்வி: ஸ்டோரேஜ் டீம் ஒரு லன்னை எடுத்துவிட்டார்கள். சர்வரில் அதன் எஸ்டி பெயர்கள் அப்படியே நிற்கின்றன. எல்விஎம் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் ‘பிவிஎஸ்’ கொடுத்தால் தொங்குகிறது.

பதில்: பாதை இல்லாவிட்டால் காத்திரு என்று மல்டிபாத்தில் அமைப்பு இருக்கிறது, அது காத்துக்கொண்டே இருக்கிறது. ‘டிஎம்செட்டப் மெசேஜ்’ மூலம் அந்த மேப்புக்கு (பாதைகளைச் சேர்த்து மல்டிபாத் உருவாக்கிய டிஸ்க்குக்கு) ‘ஃபெயில்_இஃப்_நோ_பாத்’ அனுப்புங்கள். தொங்கியவை எரரோடு விடுபடும். பின்னர் மேப்பையும் பாதைகளையும் நீக்கலாம்.

அடுத்த முறை வரிசை மாறக் கூடாது: அன்மவுண்ட், வால்யூம் குரூப்பை டிஆக்டிவேட், ‘மல்டிபாத் -எஃப்’, ஒவ்வொரு எஸ்டியின் ‘டிலீட்’ ஃபைலிலும் 1 எழுதுவது, எல்லாம் முடிந்த பிறகே ஸ்டோரேஜில் அன்மேப். பழைய எஸ்டி பெயர்களை விட்டுவைத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதே லன் எண்ணில் வேறு லன்னைக் கொடுத்தால் கர்னல் தானாக மாற்றிக்கொள்ளாது. பழைய பெயரின் பின்னால் புது டிஸ்க் உட்கார்ந்திருக்கும். அசைன்மென்ட் மாறிவிட்டது என்று லாகில் ஒரு எச்சரிக்கை வரும், அதை யார் படிக்கிறார்கள்?

கேள்வி: ஸ்னாப்ஷாட்டை அதே சர்வருக்கே கொடுத்தோம். டூப்ளிகேட் பிவி (எல்விஎம் பயன்படுத்தும் டிஸ்க்) என்று எல்விஎம் கத்துகிறது.

பதில்: நகலில் அடையாள எண்ணான யுயுஐடியும் நகலாகத்தானே வரும். ‘விஜிஇம்போர்ட்குளோன்’ புதிய யுயுஐடியும் புதிய பெயரும் கொடுத்துவிடும். ஆனால் ஃபைல்சிஸ்டத்தின் யுயுஐடி மாறாது. அதனால் எக்ஸ்எஃப்எஸ் என்றால் மவுண்டில் ‘நோயுயுஐடி’ சேருங்கள்.

கேள்வி: ரீபூட்டுக்குப் பின் எஸ்டிபி எஸ்டிடி ஆகிவிட்டது!

பதில்: ஆகும். மவுண்ட் பட்டியலான எஃப்ஸ்டாபில் எஸ்டி பெயர் எழுதாதீர்கள், யுயுஐடி போடுங்கள்.

கேள்வி: ஐஸ்கஸி (சாதாரண ஐபி நெட்வொர்க் வழியாக வரும் ஸ்டோரேஜ்) அண்ணா. ஒரு டார்கெட் (ஸ்டோரேஜ் பக்கத்து இணைப்பு முனை) தான் வேண்டும், டிஸ்கவரி செய்ததும் ஏழெட்டு வந்துவிட்டது. ரீபூட் ஆனதும் எல்லாவற்றிலும் லாகின் ஆகிறது.

பதில்: சென்ட்டார்கெட்ஸ் டிஸ்கவரி, ஸ்டோரேஜ் அறிவிக்கும் எல்லா டார்கெட்டையும் எல்லா போர்ட்டல் முகவரியையும் பதிவு செய்துகொள்ளும். ஸ்டார்ட்அப் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருப்பதால் பூட்டில் எல்லாவற்றுக்கும் போகிறது. வேண்டாதவற்றில் லாக்அவுட் செய்து, ‘ஐஸ்கஸிஅட்ம் -எம் நோட்’ கட்டளையில் டார்கெட் பெயர் குறிப்பிட்டு ரெக்கார்டை டிலீட் செய்யுங்கள். லாக்அவுட்டுக்கு முன்னால் அந்த டிஸ்க்குகளில் எதுவும் மவுண்ட் ஆகியிருக்கவில்லை என்று பாருங்கள். உங்களுக்கு உரியதல்லாத டார்கெட் லாகினை ஏற்றுக்கொள்கிறது என்றால் அங்கே ஏசிஎல் (யாருக்கு அனுமதி என்ற பட்டியல்) திறந்து கிடக்கிறது. ஸ்டோரேஜ் டீமுக்கு இன்றே ஒரு டிக்கெட் போடுங்கள்.