வைரத்துக்குள் ஒரு வெற்றிடம்: குவாண்டம் உணரி ஆய்வு பற்றிக் கேள்வி பதில்

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து, இப்போது ஜெர்மனியில் குவாண்டம் உணரிகளில் (அணு, இலத்திரன் போன்றவற்றின் நடத்தையை வைத்து அளக்கும் கருவிகளில்) ஆய்வு செய்யும் அக்காவிடம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தவர்கள் கேட்டவை.

உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி: அக்கா, நீங்கள் என்னதான் அளக்கிறீர்கள்?

காந்தப் புலம், தங்கச்சி. வைரம் முழுக்கக் காபன். ஓர் இடத்தில் காபனுக்குப் பதில் நைதரசன் உட்கார்ந்து, அடுத்த இடம் வெற்றாகவும் கிடந்தால், அங்குள்ள இலத்திரன்களின் ஸ்பின்னை, அதாவது அவற்றைக் குட்டிக் காந்தம்போல் நடக்க வைக்கும் பண்பை, வெளிச்சத்தாலேயே வாசிக்கலாம். 532 நனோமீற்றர் பச்சை லேசர் அடித்தால் சிவப்பாக ஒளிரும். கூடவே நுண்ணலை கொடுத்து அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டு போனால், 2.87 கிகாஹேர்ட்ஸில் அந்தச் சிவப்பு மங்கும். காந்தப் புலம் இருந்தால் மங்கும் இடம் இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளியை வைத்துத்தான் புலத்தைக் கணக்கிடுகிறோம். புலம் நைதரசனையும் வெற்றிடத்தையும் இணைக்கும் கோட்டின் வழியே இருந்தால், ஒரு மில்லிதெஸ்லாவுக்கு (தெஸ்லா என்பது காந்தப் புலத்தின் அலகு) மங்கும் இடம் ஒவ்வொன்றும் 28 மெகாஹேர்ட்ஸ் நகரும். உங்கள் ஊரில் புவிக்காந்தம் ஏறத்தாழ 40 மைக்ரோதெஸ்லா. அதற்கு ஒரு மெகாஹேர்ட்ஸ் சொச்சம் வரும்.

சம்மாந்துறை: குவாண்டம் என்றால் கடுங்குளிரில் வைக்க வேண்டுமாமே?

பல குவாண்டம் கணினிகளுக்கு அப்படித்தான். இது அறை வெப்பத்திலேயே வேலை செய்யும். 2013இல் உயிருள்ள கலத்துக்குள் நனோ வைரம் வைத்து வெப்பநிலை பார்த்தார்கள். ஆனால் வெப்பநிலை ஒரு பாகை கூடினால் அந்த 2.87 கிகாஹேர்ட்ஸ் ஏறத்தாழ 74 கிலோஹேர்ட்ஸ் இறங்கும். ஏ.சி. மக்கர் பண்ணினால் அன்றைய அளவீடு அவ்வளவுதான்!

கல்முனை: வைரத்துக்கு எவ்வளவு காசு?

நகைக்கடை வைரம் இல்லை, வளர்த்தெடுத்த சில மில்லிமீற்றர் துண்டு. லேசரும் நுண்ணலைக் கருவிகளும்தான் காசைத் தின்னும்.

ஒரு தந்தை, அக்கரைப்பற்று: மகன் இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, இந்தப் பெயரில் ஊரில் வேலை விளம்பரம் தேடாதீர்கள். ஜெர்மனியில் கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் சம்பளத்தோடுதான் எடுப்பார்கள். அதன் பிறகு ஒப்பந்த வேலைகள். நிரந்தர இடம் குறைவு. கல்யாணம் பேச வருகிறவர்களுக்கு அந்த ஒப்பந்தத்தை விளக்குவது ஸ்பின்னை விளக்குவதைவிடக் கஷ்டம். ஆனால் லேசர், மின்சுற்று, பைதன் என்ற கணினி மொழி மூன்றும் கைக்கு வந்தால் வேறு துறைகளும் எடுக்கும்.

வாழைச்சேனை: கொழும்புப் பக்கம் இடம் கிடைக்காவிட்டால் முடியாதா?

முடியும் தம்பி. கிழக்குப் பல்கலைக்கழகமோ தென்கிழக்கோ, இறுதியாண்டு ஆய்வை உருப்படியாகச் செய். பெரும்பாலான ஸ்மார்ட் போன்களில் காந்தப் புலத்தை அளக்கும் காந்தமானி இருக்கும். ஒரு நாள் முழுக்க அதன் அளவைப் பதிந்து, அளவில் வரும் ஒழுங்கற்ற ஏற்ற இறக்கத்தை, அதாவது இரைச்சலை, பைதனில் பகுத்துப் பார். மின்விசிறி போட்டபோது என்ன மாறியது என்பதையும் எழுதி வை.