தின்ற சோறு எங்கே கரைகிறது?

செவிலியர் பயிற்சிப் பள்ளியில் பல வருஷம் உடலியங்கியல் நடத்தியவள் நான். செரிமானம் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், சாப்பிடுவதெல்லாம் வயிற்றில்தானே செரிக்கிறது?

நெஞ்சுக்குக் கீழே இருக்கிற அத்தனைக்கும் நாம் வயிறு என்றே சொல்கிறோம், குழப்பம் அதனால்தான். இரைப்பை என்பது இடப்பக்கம் மேலே இருக்கும் ஒரு பை. அங்கே சாப்பாடு அமிலத்தில் ஊறிக் கூழாகும், புரதம் கொஞ்சம் உடையும். சோற்றின் மாவுச்சத்தோ வாயிலேயே உடையத் தொடங்கிவிடும். வெறும் சோற்றை ஒரு வாய் போட்டு மென்றுகொண்டே இருங்கள், லேசாக இனிக்கும். முக்கால்வாசி வேலை நடப்பது சிறுகுடலில்தான். சுமார் 6 மீட்டர் நீளம். கணைய நீரும் பித்தநீரும் வந்து சேர்வது அங்கே, சத்து ரத்தத்தில் கலப்பதும் அங்கே. இரைப்பையை முழுதாக எடுத்துவிட்டவர்கள்கூட கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, பி12 வைட்டமின் ஊசி போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். சிறுகுடல் போய்விட்டால் அப்படிச் சமாளிக்க முடியாது.

அவ்வளவு அமிலம் இருந்தும் இரைப்பை ஏன் கரைந்துபோவதில்லை? பையன் கேட்கிறான், எனக்குப் பதில் தெரியவில்லை.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். உள்சுவர் மேல் கெட்டியான சளிப்படலம் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஊறும் பைகார்பனேட் அமிலத்தை முறித்துவிடும். மேல்வரிசைச் செல்களும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடும். இந்தக் காவல் தளர்ந்தால் புண் வரும். ரொம்ப காலம் காரத்தையும் கவலையையும்தான் குற்றம் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் காட்டியபோது பலர் நம்பவில்லை. மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவதும் புண்ணுக்குப் பெரிய காரணம் என்பதையும் பையனிடம் சொல்லுங்கள்.

எனக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இனி எண்ணெய்ப் பலகாரம் செரிக்குமா அம்மா?

செரிக்கும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமே. இப்போது அது நேராகக் குடலுக்குச் சொட்டும். ஒரேயடியாக நிறைய எண்ணெய் வேண்டாம், அவ்வளவுதான்.

குழந்தை சாப்பிட்டதும் கழிவறைக்கு ஓடுகிறாள். தின்றது அப்படியே வெளியே போய்விடுகிறதா?

இல்லை. இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் தானாக அசையும். வெளியேறுவது முன்பு சாப்பிட்டதன் கழிவு. எடை சரியாக ஏறினால் கவலை வேண்டாம்.

பேதிக்குக் கொடுக்கும் உப்புக் கரைசலில் சர்க்கரை எதற்கு? தெம்புக்கா?

இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாம் குடிப்பதும் உள்ளே சுரப்பதும் சேர்த்து, ஒரு நாளைக்கு 8, 9 லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது. மலத்தோடு போவது 100, 200 மில்லி மட்டுமே, மற்றதைக் குடல் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பேதியில் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். ஆனால் குடல் சுவரில் ஒரு வாசல் அப்போதும் கெடாமல் இருக்கும். அதில் குளுக்கோஸும் உப்பும் கைகோத்துக்கொண்டுதான் நுழையும், பின்னாலேயே தண்ணீர் போகும். சர்க்கரை அதற்காகத்தான். காலராவிலும் அந்த வாசல் வேலை செய்யும். 1971-இல் வங்காள எல்லையில் பொங்கான் அகதி முகாமில் ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலந்து குடிக்கக் கொடுத்தார். காலரா நோயாளிகளிடையே 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கொடுத்ததும் வாந்தி எடுத்தால்?

பத்து நிமிஷம் பொறுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுங்கள். இந்தக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொடி பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவு, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் வரவில்லை என்றாலோ, குழந்தை துவண்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வழியிலும் ஸ்பூனை விடாதீர்கள்.