பைலட் படிப்பில் சேரலாமா? ஒரு கேப்டனின் பதில்கள்

உள்நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறேன். பைலட் வேலை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். பாதிக்கு மேல் பணத்தைப் பற்றித்தான் வந்திருக்கிறது. அதுவும் நியாயம்தான்.

அண்ணா, ப்ளஸ் டூ முடித்துவிட்டேன், கணிதம், இயற்பியல் உண்டு. முதலில் எங்கே பணம் கட்ட வேண்டும்? (மாணவர், மதுரை)

எங்கேயும் கட்டாதே தம்பி. முதலில் மெடிக்கல். விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 என்ற தொடக்க நிலைச் சான்று, அது கிடைத்ததும் இன்னும் கடுமையான கிளாஸ் 1. வணிக பைலட் உரிமமான சிபிஎல்லுக்கு கிளாஸ் 1 இல்லாமல் ஆகாது. கிளாஸ் 2 வந்த சந்தோஷத்தில் பயிற்சிப் பள்ளிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம் ஈசிஜியிலோ காதிலோ ஏதாவது வந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கிளாஸ் 1 கைக்கு வந்தபிறகு செக் புத்தகத்தைத் திறந்தால் போதும்.

கண்ணாடி போட்டிருக்கிறேன். பெண் வேறு. வாய்ப்பு உண்டா? (திருநெல்வேலி)

கண்ணாடி போட்டால் பார்வை சரியாகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. இன்னொரு கண்ணாடியை பையில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவே. நிறக்குருடு இருந்தால்தான் சிக்கல். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தை நீட்டுவார்கள். அந்த எண் தெரியாதவருக்கு எந்தக் கண்ணாடியும் உதவாது. மற்றபடி, பெண் பைலட்டுகளின் விகிதத்தில் உலக சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலே இந்தியா இருக்கிறது. தயங்காமல் வாருங்கள்.

சார், ஊரில் உள்ள நிலத்தை விற்றால் 60 லட்சம் தேறும். மகனுக்கு அது போதுமா? (ஒரு தந்தை, நாமக்கல்)

உரிமம் வாங்கப் போதலாம். வேலைக்குப் போய்ச் சேரும்வரை போதாது.

இந்தியாவில் சிபிஎல்லும், இரட்டை எஞ்சின் தகுதியும், வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே ஓட்டும் இன்ஸ்ட்ருமென்ட் தகுதியும் முடிக்க ஏறக்குறைய 50 முதல் 70 லட்சம் ஆகிறது. ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்கைச் சொந்தச் செலவில் எடுக்க வேண்டி வந்தால் மேலும் பதினைந்து, இருபது லட்சம். சிபிஎல்லுக்கு வேண்டிய 200 மணி நேரம் பறப்பதை ஒரே வருஷத்தில் முடித்துத் தருகிறோம் என்பார்கள். மழை, பனிமூட்டம், பழுதாகி நிற்கும் செஸ்னா பயிற்சி விமானம், ஒரே பயிற்றுநருக்காகக் காத்திருக்கும் பத்து மாணவர்கள் என்று அது ஒன்றரை, இரண்டு வருஷமாக இழுப்பது சர்வ சாதாரணம். ஹாஸ்டலும் சாப்பாடும் தனிக் கணக்கு.

அதன்பிறகு காத்திருப்பு. அதைப் பற்றி எந்த விளம்பரமும் பேசாது. 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2023-ல் கோ ஃபர்ஸ்ட் என்று விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாக நின்றபோது, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் வேலை தேடி வெளியே வந்தார்கள். 200 மணி நேரப் பையன் தானாகவே வரிசையின் கடைசிக்குப் போய்விட்டான். அதே 2023-ல் இண்டிகோ 500 விமானங்களும் ஏர் இந்தியா 470 விமானங்களும் ஆர்டர் கொடுத்தது உண்மை. ஆனால் அவை ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. செய்தியில் வரும் பைலட் தட்டுப்பாடு பெரும்பாலும் கேப்டன் தட்டுப்பாடு. உங்கள் மகன் கேப்டன் ஆக 1,500 மணி நேரமாவது பறந்து, கேப்டனுக்கு வேண்டிய உயர்நிலை உரிமமான ஏடிபிஎல் எடுக்க வேண்டும். அவனுக்கு யாராவது முதல் வேலை கொடுத்தால்தான் அந்த மணிகள் சேரும்.

காத்திருக்கும் காலத்திலும் செலவு நிற்காது. இன்ஸ்ட்ருமென்ட் தகுதியை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், மெடிக்கலும் எடுக்க வேண்டும். கடன் என்றால், ஏழரை லட்சத்துக்கு மேல் வங்கி பொதுவாக சொத்து ஈடு கேட்கும். 50 லட்சத்துக்கு 10 சதவீத வட்டியில் பத்து வருஷத் தவணை மாதம் சுமார் 66,000 ரூபாய். படிப்பு முடிந்து ஒரு வருஷம் போல் அவகாசம் தருவார்கள். அதற்குள் வேலை வந்துவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

நிலத்தை விற்ற பிறகும் மகன் சம்பளம் இல்லாமல் இரண்டு, மூன்று வருஷம் வீடு ஓடுமா? ஓடும் என்றால் செய்யுங்கள். அந்த நிலத்து வருமானத்தில்தான் அடுப்பு எரிகிறது என்றால் விற்காதீர்கள். பையன் என் மேல் கோபப்பட்டால் பரவாயில்லை.

எனக்கு 31 வயது, ஐடி வேலை. தாமதமாகிவிட்டதா? (சென்னை)

65 வயது வரை விமான நிறுவனத்தில் பறக்கலாம், எனவே வயது தடையில்லை. ஆனால் வேலையை இப்போதே விடாதீர்கள். வானிலை, நேவிகேஷன், விமான விதிமுறைகள் ஆகிய டிஜிசிஏ தேர்வுத் தாள்களை வேலையில் இருந்தபடியே எழுதுங்கள். தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து வானிலைப் புத்தகம் படிக்க முடிகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். ராஜினாமாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ப்ளஸ் டூவில் காமர்ஸ். கதவு மூடிவிட்டதா?

இல்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக இயற்பியல், கணிதம் எழுதித் தேறுங்கள்.

அமெரிக்காவில் படித்தால் சீக்கிரம் முடியுமாமே?

பறப்பது சீக்கிரம் முடியும். திரும்பி வந்து உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற இங்கே டிஜிசிஏ தேர்வு எழுதியாக வேண்டும். அதனால் தேர்வுகளை முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

வாழ்க்கை எப்படி இருக்கும், கேப்டன்?

காலை ஐந்தரை மணி விமானம் என்றால் அலாரம் இரண்டரைக்கு. முகத்தில் தூக்கம் கலையும் முன்பே ஊதுகுழாயில் ஊத வேண்டும். மது அளவு பூஜ்யம் காட்ட வேண்டும். பிறகு வானிலை, எரிபொருள் கணக்கு. அன்றைக்கு நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்கலாம். தீபாவளி பெரும்பாலும் ஏதோ ஓர் ஊர் ஓட்டலில். வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய புதிய விதி வந்திருக்கிறது. சோர்வு இந்த வேலையில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அதிலிருந்தே புரியும். இத்தனைக்கும் நடுவில், மேகத்தைத் தாண்டி மேலே வரும் அந்தச் சில நொடிகள் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

கேடட் திட்டமா, தனியாகப் படிப்பதா?

கேடட் திட்டம் என்றால் விமான நிறுவனமே பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்து ஆள் எடுத்துப் பயிற்சி தருவது. அவற்றில் பலவற்றின் செலவு ஒரு கோடியைத் தாண்டுகிறது. ஆனால் கடைசியில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, பணம் உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் 'நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டு' என்ற வரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வேலை தள்ளிப்போனால் அந்த இடைவெளியில் தகுதிகளைப் புதுப்பிக்கும் செலவு யாருடையது என்று கேளுங்கள். வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.